ஆவணி வெயிலில் குல்லா

கறுப்புச் சட்டையின் தோளில் உமி சிதறியதுபோல வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. தங்கப்பாண்டி தட்டத் தட்ட இன்னும் உதிர்ந்தது.

"பொடுகுதேன்," என்றாள் மனைவி செல்லத்தாய். "எலுமிச்சம்பழம் தேச்சுவிடுறேன். ஆடி கழிஞ்சதும் திவ்யாவைப் பாக்க மாப்ள வீட்டுக்காரக வாராக. இந்தக் கோலத்துலயா நிப்பீக?"

அவர் பயமும் அதுதான். மகளுக்கு அமைந்துவந்த நல்ல இடம். பெண் பார்க்க வந்தவர்கள் கை நனைத்தால் சம்மதம். தோல் வியாதிக்கார வீடு என்று தெரிந்தால் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விடுவார்கள்.

எலுமிச்சம்பழம் எரிந்தது. சொறிந்தார். முழங்கையிலும் திட்டுத் திட்டாகச் சிவந்து செதில் கட்டியது.

மருந்துக்கடை அசோக்குமார் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "படர்தாமரைண்ணே!" என்று ஒரு டியூப்பை நீட்டினான். தடவியதும் அடங்கியது. தங்கப்பாண்டி டியூப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது தீர்ந்ததும் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

"குலசாமிக்கு மொட்டை போட்டுருவோம்," என்றார். "முடியே இல்லேன்னா பொடுகு ஏது?"

கத்தி கீறிய இடமெல்லாம் புதிதாகக் கிளம்பியது. அதுவரை முடி மறைத்திருந்த மண்டை, சிவப்பும் வெள்ளையுமாகப் பூகோளப் புத்தகத்துப் படம்போல ஊருக்கே தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் தோல் டாக்டரிடம் போனார். டாக்டர் ஆனிமேரி செதிலை லேசாகச் சுரண்டினார். காதுக்குப் பின்னால் பார்த்தார். கையை நீட்டச் சொல்லிப் பிடித்து நகங்களைப் பார்த்தார்.

"தலையில வந்ததுக்கு நகத்தை ஏம்மா பாக்குறீக?"

"குண்டூசியால குத்துன மாதிரி குழி இருக்கு பாருங்க. நகமே சாட்சி சொல்லுது. இது பொடுகும் இல்ல, படர்தாமரையும் இல்ல, சோரியாசிஸ். உடம்பு அவசர அவசரமா தோலை உண்டாக்குது. வரும், போகும். அடக்கி வைக்கலாம்."

"தொத்துமா?"

"தொத்தாது," என்றார் டாக்டர், தங்கப்பாண்டியின் கையை விடாமலே.

வீடு வரைக்கும் அந்தப் பிடி கையிலேயே இருந்தது. செல்லத்தாய்கூட ஒரு மாதமாக அவர் துண்டைத் தனிக்கொடியில்தான் காயப்போடுகிறாள்.

ஆனாலும் வருகிறவர்களுக்கு டாக்டர் சொன்னது தெரியுமா? கொளுத்தும் ஆவணி வெயிலில் முழுக்கைச் சட்டையும் கம்பளிக் குல்லாவுமாக நின்றார்.

மாப்பிள்ளை அருள்பாண்டி, அவன் அம்மா, அத்தை முனீஸ்வரி மூவரும் வந்தார்கள். அப்பா மட்டும் காரில் போன் பேசுகிறாராம். பெண்ணைப் பிடித்துவிட்டது. இலை போட்டாயிற்று. சாப்பிட ஒருவரும் எழவில்லை.

"அவுக வந்துரட்டும்," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. சாம்பார் ஆறியது. மூவரும் குல்லாவைப் பார்த்தார்கள், வாசலைப் பார்த்தார்கள், தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள்.

தங்கப்பாண்டிக்குப் பொறுக்கவில்லை. குல்லாவை உருவினார்.

"இதுக்குத்தான கை நனைக்க யோசிக்கிறீக? இது சோரியாசிஸ். தொத்தாது. எம்பிள்ளைக்கு வருமான்னு கேட்டா, வரலாம், வராமலும் போகலாம். வேணாம்னா போங்க. ஆனா என்னைய அருவருப்பா மட்டும் பாக்காதீக."

உள்ளே திவ்யாவின் வளையல் சத்தம் நின்றுபோனது. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அத்தை முனீஸ்வரிதான் முதலில் மூச்சு விட்டாள்.

"அருளு, ஓடிப்போயி உங்கப்பனைக் கார்லருந்து எறங்கச் சொல்லுடா. சம்பந்தியே கழட்டிட்டாரு, அவரும் அந்தக் குல்லாவைக் கழட்டிட்டு வரட்டும்!"