செத்த பல்லிடம் பேசியவன்

பேய்க்குப் பயப்படாதவன் என்று சொல்லித் திரிகிறவன் வாய்க்குள்ளேயே பேய் குடியேறினால் என்ன செய்வான்? நான் செய்ததை மாமனார் ஊரே பார்த்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கம். பெங்களூரிலிருந்து வந்து தருமபுரியில் கடை போட்டிருந்த பல் டாக்டர், என் கீழ்க் கடைவாய்ப் பல்லில் மருந்து வைத்து நரம்பைக் கொன்றார். பிறகு முள் வைத்த மெல்லிய கம்பியை விட்டு, வெளுத்த நூல் போல மூன்றை உருவிப் பஞ்சில் கிடத்தினார்.

"இந்தப் பல்லுக்கு மூணு நரம்புதாங்க. மூணும் போச்சு. இனி இது பொணம். பொணத்துக்கு வலி ஏது?"

அந்தப் பிணத்தோடுதான் தலை தீபாவளிக்குப் பாப்பாரப்பட்டிப் பக்கம் மாமனார் வீட்டுக்குப் போனேன். அதிரசத்தை ஒரு கடி கடித்தேன். பல்லுக்குள்ளிருந்து யாரோ தட்டினார்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும். (நாடித்துடிப்பு என்று இப்போது தெரிகிறது.)

செத்தது எப்படித் தட்டும்?

புது மாப்பிள்ளை வலிக்கிறதென்று சொல்லலாமா? சிரித்துக்கொண்டே எழுந்து வீட்டின் பின்பக்கம் போனேன். மழை விட்டு இருட்டிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை; ஆனாலும் கேழ்வரகுக் கதிர்கள் அசைந்தன. மூச்சைப் பிடித்தால் தட்டல் பெரிதானது. குனிந்தால் வேகமெடுத்தது. பஞ்சில் கிடத்திய மூன்றையும் டாக்டர் எங்கே எறிந்தார் என்று கேட்காமல் வந்துவிட்டேனே! முறைப்படி அடக்கம் செய்யாததால் திரும்பி வந்துவிட்டனவோ?

கன்னத்தைப் பொத்திக்கொண்டு பல்லிடமே கேட்டேன்:

"உள்ள யாருங்க?" (மரியாதையில் குறை வைக்கவில்லை.)

"நாந்தானுங்க."

என்னைத் தேடி விளக்கோடு பின்னால் வந்த மச்சான், என் மனைவியின் அண்ணன், கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். அதைத் தெரிந்துகொள்ள நான் அங்கே இல்லை. தீபாவளி வேட்டி வேலியில் தங்கிவிட, "பல்லு பேசுது!" என்று அலறியபடி கோவணத்தோடு கேழ்வரகை மிதித்து ஓடிச் சேற்றில் விழுந்தேன். தெருவே கூடிவிட்டது.

மறுநாள் மனைவி என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள். பல்லுக்குள் என்னவோ இருக்கிறது, நீங்களே பாருங்கள் என்றாள். அவர் மூன்று துளைகளிலும் கம்பி விட்டுப் பார்த்தார். வலியே இல்லை. பிறகு, நாக்குப் பக்க ஓரத்தில், வழியே இல்லாத இடத்தில் கம்பி தானாக இறங்கியது.

"இங்க வழி இருக்கக் கூடாதுங்களே," என்று முணுமுணுத்தார்.

கம்பி இறங்கிக்கொண்டே போய் எதையோ தொட்டது. நான் அவர் விரலைக் கடித்துவிட்டேன்.

விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே விளக்கினார். எங்கோ சிலருக்கு இந்தப் பல்லில் கூடுதலாக ஒரு வேர் முளைத்து, கொக்கி போல வளைந்து ஒளிந்திருக்குமாம். அதற்குள் ஒரு நரம்பு மட்டும் சாகாமல் இருந்திருக்கிறது. மறுபடி மருந்து, மறுபடி கம்பி. நான்காவது நரம்பு வெளியே வந்தபோது அது நெளிந்ததை நான் பார்த்தேன். தன் கைதான் நடுங்கியது என்றார் டாக்டர்.

பல் அடங்கிவிட்டது. மாமனார் வீடு அடங்கவில்லை. இன்றும் அந்த வீட்டுக் கதவை நான் தட்டினால், உள்ளேயிருந்து மச்சான் நிதானமாகக் கேட்பார்: "மாப்பிளைங்களா, பல்லுங்களா?"

பல்தான் என்று சொன்னால்தான் கதவு திறக்கும்.