குலுங்காத வண்டி

யாரும் "ஏங்க" என்று கூப்பிடாத ஓர் இடத்தில் ஒரு வாரமாவது இருந்துவிட்டு வர வேண்டும் என்று கண்ணாடிக் கடைக்காரர் முடிவு செய்தார். செய்தது குளியலறையில். அந்த வீட்டில் அவர் சொந்தமாக முடிவெடுக்கக்கூடிய ஒரே அறை அதுதான். அங்கேயும் முடிவு முழுசாக முடிவதற்குள் கதவு தட்டப்பட்டது.

"ஏங்க, உள்ளேயே தூங்கிட்டீங்களா?"

பகலெல்லாம் கடையில் ஜனங்களின் மூக்கில் கண்ணாடியை மாட்டி, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு அவருக்குத் தொண்டை வறண்டுவிடும். வீட்டுக்கு வந்தால் ஹால் முழுக்க மனைவியின் தையல் கடை. நாற்காலியில் உட்கார்ந்தால் குண்டூசி. சோபாவில் உட்காரலாம் என்றால் அங்கே யாரோ ஒருத்தியின் பாவாடை ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். மெஷின் சத்தத்துக்கு மேலே மனைவியின் சத்தம், அதற்கும் மேலே எதிர் வீட்டிலிருந்து வரும் மனைவியின் அக்கா சத்தம். அந்த அம்மாள் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுத் தருகிறவள். "பிரேக், பிரேக்!" என்று கத்திக் கத்தியே பழகிப்போய், "காபி ஆறுது" என்பதையும் விபத்து நடக்கப் போகிற மாதிரிதான் சொல்வாள்.

அதனால்தான் அவர் உள்ளேயே தங்கிக்கொள்ளும்படி அமைத்த ஒரு பழைய வேனை வாங்கினார். உள்ளே ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி, தலைக்கு மேலே வரிசையாக அலமாரிகள். ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

"வண்டி தங்கம் சார். லேசா ஆடும், அவ்வளவுதான்" என்று விற்றவர் சொன்னார். 'லேசா' என்றால் அவருடைய ஊரில் என்ன அர்த்தம் என்று கேட்கத் தோன்றவில்லை.

முதல் வேகத்தடையிலேயே தெரிந்துவிட்டது. அலமாரிக் கதவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயைப் பிளந்தன. தட்டுகள் குதித்தன. பின்னால் அடுப்பின் மேல் இருந்த கெட்டில் உருண்டு வந்து முன் சீட்டில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. வளைவில் திரும்பியபோது கூரையில் தேங்கியிருந்த மழைத் தண்ணீர் சரியாக அவர் சட்டைக் காலருக்குள் இறங்கியது. கை கழுவும் தொட்டியிலிருந்து ஒரு நாற்றம் வேறு.

தெருமுனை மெக்கானிக் வண்டிக்கு அடியில் போய்விட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். அவன் கை வைத்தால் எந்த வண்டியும் ஓடும். அவன் வாய்க்குத்தான் பிரேக் கிடையாது.

"சார், ஷாக் போயிடுச்சு."

"எனக்கா?"

"வண்டிக்கு சார். ஷாக் அப்சார்பர். குழியில விழுந்து குதிக்கிற வண்டியைப் பிடிச்சு நிறுத்துற சாமான். இதுல இருக்கிறது வெறும் குழாய்."

"வேற என்ன போயிருக்கு?"

"என்ன போகலன்னு கேளுங்க சார், சீக்கிரம் சொல்லிடலாம்."

லீவு நாட்கள் எல்லாம் வண்டிக்கு அடியில் கரைந்தன. ஷாக் அப்சார்பர் புதுசு. ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே நொறுங்கிப்போயிருந்த ரப்பர்கள் புதுசு. டயரில் காற்று கூடிப்போனால் அது கல் மாதிரி இறுகி வண்டி குலுங்கும் என்று தெரிந்து, வண்டியின் எடைக்குத் தக்கபடி காற்றைக் குறைத்தார். தட்டுகளுக்கு நடுவே கம்பளித் துண்டு வைத்தார். கூரை விரிசலைப் பசை போட்டு அடைத்தார். நாற்றத்துக்குக் காரணம் தொட்டிக்குக் கீழே வளைந்த குழாயில் தண்ணீர் வற்றியிருந்ததுதான். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியதும் அதுவும் நின்றது.

வண்டி தொட்டில் மாதிரி ஆனது. அதுதான் அவர் செய்த தப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி கையில் டீ டம்ளரோடு ஏறி உட்கார்ந்தாள். "எங்க, ஒரு சுத்து சுத்துங்க பார்ப்போம்." சுற்றினார். அவள் டம்ளரைப் பார்த்தாள். கண்கள் விரிந்தன.

"ஏங்க! ஒரு சொட்டு கூடச் சிந்தலையே!"

அந்தச் சிந்தாத டீ, அவர் தலையில் கொட்டியது.

"அக்கா!" என்று ஜன்னல் வழியாக எதிர் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "துணி எடுத்து வை! நாம ஏரிக்குப் போறோம்!"

"நாமன்னா?" என்று கேட்டார் அவர்.

"நான், அக்கா, அப்புறம் நீங்க."

"படுக்கை ஒண்ணுதானே இருக்கு?"

"அதுல நானும் அக்காவும் படுத்துக்கிறோம். நீங்க டிரைவர் சீட்டுலயே சாஞ்சுக்குங்க. நீங்கதான் எங்க உட்கார்ந்தாலும் தூங்குற ஆளாச்சே."

'தனியா' என்ற சொல் அவர் தொண்டை வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

மறுநாள் அவர் மெக்கானிக்கிடம் போய் நின்றார்.

"சார், புதுசைக் கழட்டிட்டுப் பழசை மாட்டணுமா? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"கொஞ்ச நாளைக்குத்தான். ஒரு பரிசோதனை. டயர்ல காத்தையும் கல்லு மாதிரி அடிச்சு விடு. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"ஸ்பேனர் போட்டுத் திருகினாலும் என் வாய் திறக்காது சார்."

கம்பளித் துண்டுகளை அவரே உருவினார். தண்ணீர் கேன்களை எல்லாம் கடைசியில் கொண்டுபோய் அடுக்கினார். பின்பக்கம் கனத்தால் வண்டி ஏற்றமரம் மாதிரி ஆடும் என்று கணக்கு. தான் பெற்ற பிள்ளையின் காலைத் தானே ஒடிப்பது போலிருந்தது. ஆனாலும் ஒடித்தார். தனிமை என்றால் சும்மாவா?

இந்த நேரம் பார்த்து மனைவி வேறு அவர் மேல் பாசத்தைப் பொழிந்தாள்.

"டிரைவர் சீட்டு உறை நைஞ்சு போயிருக்கே. சீட்டைக் கழட்டிக் கொடுங்க, புதுசா தச்சுப் போடுறேன்."

ஊருக்கெல்லாம் தைக்கிறவள் அவருக்கென்று ஒரு கைக்குட்டைகூடத் தைத்ததில்லை. அவருக்குக் கண் கலங்கியது. திட்டத்தைக் கைவிட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார். அப்போது எதிர் வீட்டிலிருந்து, "வெங்காயம் இருக்கா?" என்ற சத்தம் இடி மாதிரி விழுந்தது. யோசனையைக் கைவிட்டார்.

வெள்ளோட்டம். கல் குவாரிக்குப் போகும் சாலையைத் தேர்ந்தெடுத்தார். லாரிகள் உழுது போட்ட சாலை. பின்னால் அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு கொழுத்த மெத்தையைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் குழி.

"ஐயையோ!" என்றாள் மனைவி.

"பிரேக், பிரேக்!" என்றாள் அக்கா.

அந்த அலறல் அவர் காதில் தேனாகப் பாய்ந்தது. ஒதுங்கிப் போயிருக்கக்கூடிய குழிகளையும் தேடிப் போய் இறங்கினார். ஆனால் இது என்ன? ஒவ்வொரு குழியும் அவருடைய வால் எலும்பில் ஏறி, முதுகு வழியாக நடந்து, கடைவாய்ப் பல்லில் வந்து முடிந்தது. புது உறை பூப்பூவாக அழகாகத்தான் இருந்தது. உட்கார்ந்தால்தான் பலகை மாதிரி இருந்தது. பழைய ஷாக் அப்சார்பர் இவ்வளவு மோசமா என்று அவரே அசந்துபோனார். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். கடிக்க வேண்டிய அவசியமே இல்லை. குழியே கடிக்க வைத்தது.

வீட்டு வாசலில் இறங்கியதும் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "தம்பி, இது வண்டியா, உரலா? ஆளை விடுங்க."

"நானும் வரல" என்றாள் மனைவி. "உங்களுக்குத்தான் ஆசை. நீங்க மட்டும் போயிட்டு வாங்க."

"நீங்க ரெண்டு பேரும் இல்லாம நான் மட்டும் எப்படி..." என்று சோகமாக முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தார். முதுகு வலியால் அது தானாகவே வந்தது.

"பரவாயில்ல. மனசைத் தேத்திக்குங்க."

தேற்றிக்கொண்டார். உடனே வண்டிக்கு அடியில் புகுந்தார். நல்ல ஷாக் அப்சார்பரை மறுபடி மாட்டினார். காற்றை இறக்கினார். கம்பளித் துண்டுகளைத் தட்டுகளுக்கு நடுவே திரும்பச் செருகினார். குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. ஏரியை நினைத்துக்கொண்டு இரண்டையும் செய்தார். மனைவி அவ்வப்போது எட்டிப் பார்த்து உற்சாகப்படுத்தினாள்.

"நல்லாப் பண்ணுங்க. ஒரு சத்தம்கூட வரக்கூடாது. அந்தப் படுக்கையையும் கொஞ்சம் மெத்துனு ஆக்கிடுங்க."

ஜன்னல்களுக்குப் பூப்போட்ட திரைகூடத் தைத்துக் கொடுத்தாள். தனியாகப் போகும் ஆண்பிள்ளைக்கு எதற்குப் பூப்போட்ட திரை என்று அவருக்கு உறைக்கவில்லை. ஊரார் பார்வையை எல்லாம் சரி செய்கிறவர்தான்.

புறப்படும் நாள் காலை. சாமான்கள் ஏற்றியாகிவிட்டது. கடைசியாக ஒரு தண்ணீர் கேன். குனிந்து தூக்கினார்.

கடக்.

வண்டியிலிருந்து வந்த சத்தம் என்றுதான் முதலில் நினைத்தார். அவர் இடுப்பிலிருந்து வந்தது. கேள்விக்குறி மாதிரி நின்றவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் போட்டார்கள். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து அழுத்திப் பார்த்தார். அலறியதும் திருப்தியாகத் தலையாட்டினார்.

"வண்டி ஓட்டுறதா? இந்தக் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது."

டாக்டர் போனதும் மனைவி கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். புதுச் சேலை கட்டியிருந்தாள்.

"ஏங்க, வண்டி வாசல்ல தயாரா நிக்குது. வீணாப் போகுது. நானும் அக்காவும் போயிட்டு வந்துடறோம்."

"ஆட்டத்துக்குப் பயந்தீங்களே?"

"அது பழைய ஷாக்குல."

"பழைய ஷாக்கா? உனக்கு யார் சொன்னது?"

"மெக்கானிக் அவன் பொண்டாட்டி ரவிக்கைத் துணியைக் கொண்டுவந்து கொடுத்தான். அளவை மட்டும் மறந்துட்டான். மத்ததெல்லாம் ஞாபகமாச் சொன்னான்."

"எப்போ?"

"நீங்க மாட்டச் சொன்ன அன்னைக்கே."

"அப்படின்னா குவாரி ரோட்ல ரெண்டு பேரும் கத்தினது?"

"நீங்க அவ்வளவு ஆசையாக் குழியில இறக்கும்போது கத்தாம இருந்தா நல்லாவா இருக்கும்? எங்களுக்கு ஒண்ணும் ஆகல. அந்த மெத்தை அப்படி. உங்க சீட்டுல இருந்த பஞ்சு மொத்தமும் அதுலதான் இருந்துச்சு."

அவர் வாயைத் திறந்தார். முதுகு மூட வைத்தது.

"ஒரு ரெண்டு குழி தாங்குவீங்க, அப்புறம் உண்மையைச் சொல்லித் திரும்பிடுவீங்கன்னு நினைச்சேன். இவ்வளவு வைராக்கியம் பிடிச்ச ஆளுன்னு எனக்கே தெரியாது" என்றாள். குரலில் நிஜமாகவே கொஞ்சம் மரியாதை இருந்தது. "சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீங்க. அக்கா வீட்டுக்காரர் வந்து கூடவே இருப்பார்."

வெளியே அக்கா சாவியைத் திருகும் சத்தம் கேட்டது. "பிரேக், பிரேக்!" என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. தெருமுனை வேகத்தடைக்காக அவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். ஒரு தட்டாவது குலுங்காதா, ஒரு கதவாவது திறக்காதா என்று ஏங்கினார். ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. அவ்வளவு அருமையாகச் சரி செய்திருந்தார், பாவி மனுஷன்.

சகலை வந்தார். அமைதியான மனிதர். இத்தனை வருஷத்தில் அவர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி யாரும் கேட்டதில்லை. நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். எதிர் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை என்று உறுதியானதும் தொண்டையைச் செருமினார்.

"சகலை, எனக்குக் கல்யாணம் ஆன அன்னைக்கு என்ன நடந்துச்சு தெரியுமா?"

அன்றைக்குத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. வருஷக்கணக்காக மனைவியிடம் சொல்ல நினைத்து விழுங்கியதை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கஞ்சி ஊட்டிக்கொண்டே பேசினார். எழுந்து ஓட முடியாத ஒருவர் காதுக்கு எட்டும் தூரத்தில் கிடைப்பது எப்பேர்ப்பட்ட பாக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சகலையின் கதையில் முதல் குழந்தை நடக்கத் தொடங்கியிருந்தபோது போன் அடித்தது. மனைவி. கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லும்மா. கிளம்பிட்டீங்களா? எப்ப வரீங்க?"

"இல்லீங்க, ஏரிக்கரை ரொம்ப நல்லா இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம்னு அக்கா சொல்றா. போன் பண்ணினது வேற விஷயத்துக்கு. வண்டி வளைவுல திரும்பும்போது மட்டும் இடது பக்கத்துல லேசா கிரீச்சுனு ஒரு சத்தம் வருது, வந்ததும் அதையும் பார்த்துடுங்க. அவசரமில்ல, அடுத்த மாசம் நாங்க மறுபடி போறதுக்குள்ள முடிச்சாப் போதும்."