தனி ஆள் நிகழ்ச்சிக்கு முப்பத்தாறு தலை

காலை ஆறு மணியிலிருந்து தமிழ்மாறனின் செல்போனுக்கு அவனுடைய சாவுக்கான துக்க விசாரிப்பு வந்துகொண்டிருந்தது.

"எப்பங்க எடுக்கிறீங்க?" என்றது ஒரு குரல்.

"எதை?"

"தமிழ்மாறனைத்தாங்க. பாவம், நல்ல பையன்."

"நான்தாங்க தமிழ்மாறன்."

எதிர்முனையில் போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது. இது நாலாவது போன்.

எல்லாம் முந்தின நாள் கே.கே. நகர் முக்கில் கட்டிய ஃபிளெக்ஸ் பேனர் செய்த வேலை. நடுவில் கைகூப்பிச் சிரிக்கும் தமிழ்மாறன், மேலே பெயர், பக்கத்தில் தேதி. 'தனி ஆள் நகைச்சுவை, சிரிக்க வாருங்கள்' என்ற வரி கீழே இருந்தது. அதை ஒரு கரும்புச்சாறு வண்டி மறைத்துவிட்டது.

தமிழ்மாறனுக்குப் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பர் கூப்பிடும் வேலை. மூன்று வருசமாக அங்கே இங்கே ஐந்து நிமிசம் கெஞ்சி வாங்கி மேடையில் பேசிவந்தவனுக்கு, இப்போதுதான் மதுரைக் கலைவிழாவில் முழுசாக நாற்பது நிமிசம் கிடைத்திருந்தது. விழாவை நடத்தும் ஜாய்ஸ் மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"தம்பி, எண்பது சீட்டு இருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அம்பது பேராவது வாரோம்னு பேர் குடுக்கணும். இல்லேன்னா உங்க நேரத்தை பொம்மலாட்டக் குழுவுக்குக் குடுத்துருவேன். பொம்மைங்க ரெடியா இருக்கு."

இதுவரை ஒன்பது பேர். அதில் ஒன்று அவன் மனைவி முத்துமீனா. இன்னொன்று அவனே.

ஐந்தாவது போன் பேரையூரிலிருந்து, அம்மாவின் அண்ணன் பேயாண்டி மாமா.

"மாப்ள, உசுரோடதான இருக்க?"

"இருக்கேன் மாமா."

"பின்ன எதுக்குடா ஒத்தை ஆளா நிக்கிற? நம்ம பக்கம் ஃபிளெக்ஸ்ல ஒருத்தன் தனியா நின்னா அவன் போயிட்டான்னு அர்த்தம். உசுரோட இருக்கிறவனுக்குச் சுத்தி ஆளுக நிக்கணும்."

"இது சோலோ ஷோ மாமா. நான் தனியாப் பேசுறது."

"பேசு. தனியா நிக்காத. போட்டோ அனுப்புறேன்."

டிராக்டர் மேல் கறுப்புக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த மாமாவின் படம் வந்தது. ஃபிளெக்ஸ் கடை ஆன்சன் அதைத் தமிழ்மாறனுக்குப் பக்கத்தில் பொருத்தி மத்தியானமே கட்டிவிட்டான். துக்க போன்கள் நின்றன.

சாயங்காலம் கொட்டாம்பட்டிச் சின்ன மாமா கூப்பிட்டார்.

"ஏன் மாப்ள, அண்ணன் தலை பூசணிக்கா சைசுல இருக்கு. நாங்கள்லாம் ஒனக்கு மாமன் இல்லையா?"

சின்ன மாமா ஏறினார். ஏறியதும், அவர் தலை அரை அங்குலம் பெரிதாக இருப்பதாகப் பெரிய மாமா வீட்டில் அளந்து சொன்னார்கள். இரண்டையும் சமமாக்கினால் அத்தைகள் கோபித்தார்கள். அத்தைகளைச் சேர்த்தால் அவர்களுடைய மருமகன்கள். மருமகன்களைச் சேர்த்தால், போன மாதம் பிறந்து இன்னும் பெயர்கூட வைக்காத ஒரு குழந்தை.

வியாழக்கிழமை ஆன்சன் கையை விரித்தான். "அண்ணே, முப்பத்தாறு தலை வச்சாச்சு. முப்பத்தேழாவதுக்கு எடமில்ல."

"முப்பத்தேழாவது யாருடா?"

"நீங்கதாண்ணே."

கடைசியில், மூலையில் ஆன்சன் கடை போன் நம்பருக்குப் பக்கத்தில் தபால்தலை அளவுக்கு ஓர் இடம் கிடைத்தது.

ஆனால் ஃபிளெக்ஸில் தலை இருப்பவன் வராமல் இருக்க முடியுமா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொண்ணூற்று நாலு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஜாய்ஸ் மேடம் போனிலேயே கைதட்டினார். "தம்பி, பெஞ்சு எரவல் வாங்கணும் போலயே!"

தமிழ்மாறன் வீட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக் குதித்தான். முத்துமீனா மட்டும் குதிக்கவில்லை.

"ஏங்க, நீங்க எதைப் பத்திப் பேசப் போறீங்க?"

"நம்ம சொந்தக்காரங்களைப் பத்தி."

"எம்புட்டு நேரம்?"

தமிழ்மாறன் நின்றான். "நாப்பது நிமிசமும்."

அப்புறம் ஒரு மணிநேரம் 'மாமா' என்று வருமிடமெல்லாம் 'பக்கத்து வீட்டுக்காரர்' என்று மாற்றிப் பார்த்தான். 'என் அம்மாவோடு கூடப்பிறந்த பக்கத்து வீட்டுக்காரர்' என்ற இடத்தில் பேனாவை மூடினான். மாமாவுக்குப் போன் போட்டான்.

"மாமா, வெயில் ரொம்ப அடிக்குது. நீங்கள்லாம் அலைய வேணாமே."

"ரெண்டு வேன் சொல்லியாச்சு மாப்ள."

"இல்ல மாமா... நான் உங்களையெல்லாம் பத்தித்தான் பேசப் போறேன்."

மாமா வீட்டு டிவி சத்தம் குறைந்தது.

"எங்களைப் பத்தியா? மேடையிலயா?"

"ஆமா மாமா."

"அப்ப மூணு வேன்."

சனிக்கிழமை நாலு மணிக்கு அரங்கம் நிறைந்து வழிந்தது. பட்டுச்சேலைகளும் பவுடர் வாசனையுமாக முன்வரிசைகள். நட்டநடுவில் மீசையை முறுக்கிவிட்டு, கைகட்டி உட்கார்ந்திருந்தார் பேயாண்டி மாமா. தமிழ்மாறன் மைக்கைப் பிடித்தான்.

"எங்க பெரிய மாமா ஆஸ்பத்திரிக்கு ஆள் பாக்கப் போனா, நோயாளியை எந்திரிக்கச் சொல்லிட்டு, கட்டில் எப்படியிருக்குன்னு தான் படுத்துப் பாப்பாரு."

சத்தமே இல்லை. மின்விசிறி சுற்றுவது கேட்டது. மாமா மெதுவாகத் திரும்பி, பின்வரிசைகளை முறைத்துவிட்டு, மறுபடி நேராக உட்கார்ந்தார்.

"எங்க அத்தை வீடியோ கால்லயும் போனைக் காதுலதான் வச்சுப் பேசும். பத்து வருசமா நான் பாத்தது அந்தக் காதைத்தான். போன வாரம் நேர்ல வந்தப்ப ஆள் யாருன்னே தெரியல. லேசாத் திரும்புனாங்க. 'அடடே, அத்தையா!'"

அத்தை முந்தானையை வாய்க்குள் திணித்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. எழுந்து வெளியே ஓடினார்.

தமிழ்மாறன் அடுத்த வரியை இரண்டு தடவை சொன்னான். ஜாய்ஸ் மேடம் மட்டும் சுவரோரமாக நின்று களுக்கென்று ஒரு தடவை சிரித்தார். மூன்று வரிசை ஒரே நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தது. அதோடு அவரும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்கள். சின்ன மாமா துண்டைக் கடித்தபடி போனார். மருமகன்கள் இருமிக்கொண்டே போனார்கள். போனவர்கள் சிலர் முகம் சிவந்து திரும்பி வந்து உட்கார, வேறு சிலர் எழுந்தார்கள். முப்பதாவது நிமிசத்தில் பேயாண்டி மாமாவே எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினார். அவன் மீதிப் பத்து நிமிசத்தை அவருடைய காலி நாற்காலியைப் பார்த்தே பேசி முடித்தான்.

முடிந்ததும் எல்லோரும் வரிசையாக வந்து, துக்க வீட்டில் போலக் கையைப் பிடித்து அழுத்தினார்கள்.

"நல்லாப் பேசுன மாப்ள," என்றார் பேயாண்டி மாமா. அவர் கண்ணும் சிவந்திருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேனில் ஏறினார். மூன்று வேனும் கிளம்பிப் போயின.

தமிழ்மாறன் எழுதி வைத்திருந்த காகிதங்களை நாலாக மடித்தான்.

"இதோட போதும் மீனா. ஒரு ஆளைக்கூடச் சிரிக்க வைக்க முடியல. எல்லாரையும் அழவச்சு அனுப்பியிருக்கேன். டோக்கன் கூப்பிடுறதுதான் எனக்கு லாயக்கு."

முத்துமீனா அந்தக் காகிதங்களை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். இருவரும் வண்டி எடுக்கப் போனார்கள். வண்டி ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, சீட்டை வாங்கிக்கொண்டும் வழிவிடாமல் நின்றார்.

"தம்பி, உள்ள என்னதான் நடந்துச்சு? ஒவ்வொருத்தரா ஓடியாந்து, இந்த வண்டிகளைப் புடிச்சுக்கிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாக, மூஞ்சியக் கழுவிட்டு மறுபடி உள்ள ஓடுறாக. உள்ளயே சிரிக்கலாம்லன்னு அந்த மீசைக்காரர்கிட்டக் கேட்டா, 'மேடையில நிக்கிறது எங்க வீட்டுப் புள்ளம்மா, அத்தனை பேரு முன்னால அவனைப் பாத்துச் சிரிச்சா அவன் மனசு தாங்குமா'ங்கிறாரு!"