ஒன்பது துப்பாக்கியும் ஒரு காளையும்

சுடாத துப்பாக்கிகளால் நாட்டுக்கு நேரக்கூடிய ஆபத்தைத் தலைநகரத்தார் நெடுங்காலம் கவனிக்காமலே இருந்துவிட்டார்கள். சுடுகிற துப்பாக்கிகள் ஏமன் மலையூர்களில் வீட்டுக்கு இரண்டு மூன்று இருந்தன. அவற்றைக் கணக்கெடுக்கப் போன அதிகாரிகள் இருவர் வண்டியையும் செருப்பையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். அதன்பின் அந்தப் பணி ஒத்திவைக்கப்பட்டது. ஆனாலும் அரசாங்கம் என்றால் எதையாவது பதிவு செய்துதானே ஆகவேண்டும்? பழைய, அரிய, வினோதச் சுடுகலன்கள் பதிவுத் துறை பிறந்தது. சுடாதவற்றுக்கு மட்டுமே பதிவு. சுட்டால் அது துறையின் அதிகார வரம்புக்கு வெளியே.

அதே சமயம் பணக்காரர்களுக்குப் பழந்துப்பாக்கிப் பித்துப் பிடித்தது. தாத்தா கழுதை ஓட்டிய வீடுகளிலெல்லாம் வரவேற்பறைச் சுவரில் தாத்தாவின் போர்த் துப்பாக்கி தொங்கியது. பித்து மெல்ல மலையேறி, பைத் ஸுவைத் கிராமத்து முக்பிலையும் பிடித்துக்கொண்டது. அவனிடம் ஒன்பது சேர்ந்தன. ஆளைவிட ஒன்றரை முழம் நீண்ட திரித் துப்பாக்கி ஒன்று. நான்கு குழாயும் நான்கு திசை பார்க்கும் கைத்துப்பாக்கி ஒன்று. கைத்தடியாகவும் ஊன்றலாம் என்று வாங்கி, ஊன்றியதுமே மடங்கிப்போன ஒன்று. தினமும் காலையில் அவன் அவற்றைத் துடைத்தான். சமையலுக்கு வைத்த எள்ளெண்ணெய் குழாய்களுக்குள் போயிற்று.

அவன் மனைவி தகிய்யா வேறொன்றை வளர்த்துக்கொண்டிருந்தாள். மகன் ஹிஸாமின் கல்யாண விருந்துக்கு ஒரு காளை. இரண்டு வருஷமாகச் சோளத் தோகையில் பசுந்தழையைச் சுற்றிச் சுற்றி, கைக்குழந்தைக்கு ஊட்டுவதுபோல் அதன் வாயில் திணித்திருக்கிறாள். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. கறி போடாத சம்பந்தியைப் பெண் வீட்டார் ஏழு தலைமுறைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

அன்று காலை உஸ்தாத் வஜீஹ் என்கிற பதிவு அதிகாரி அளவு நாடாவும் படிவமுமாக வந்து முற்றத்தில் உட்கார்ந்தார். அறையில் வெளிச்சம் போதாது, வெளியே கொண்டு வரலாம் என்றார். முக்பில் ஒன்பதையும் கட்டாகத் தூக்கி வந்து அவர் காலடியில் வைத்தான்.

அந்த நேரம் பார்த்து ஊர்த் தலைவர் ஷேக் ஜுபாரா மதிலோரம் போனார்.

இந்த மலையில் ஒருவன் இன்னொருவன் காலடியில் துப்பாக்கியை வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் குற்றம் செய்தேன், இது பிணை, நீ சொல்லும் தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறேன் என்று அர்த்தம். தீர்ப்பு முடிந்து பிராணி அறுபட்டால் துப்பாக்கி திரும்பி வரும். வசவுக்கு ஒன்று, ரத்தத்துக்கு நான்கு. ஒன்பது வைத்தவனை யாரும் கண்டதில்லை.

ஷேக் இருபது ஆண்களோடு உள்ளே வந்து, யார் செத்தது என்று விசாரித்தார். யாரும் சாகவில்லை, அளக்கத்தான் வைத்தேன் என்றான் முக்பில். பெரிய குற்றம் செய்தவர்கள் முதலில் இப்படித்தான் பேசுவார்கள் என்று ஷேக் மற்றவர்களுக்கு விளக்கினார். தமக்கு இதில் சம்பந்தமில்லை என்று வஜீஹ் எழுந்தார். பிணையை மறுப்பது பகையை அறிவிப்பதாகும் என்று ஷேக் மரியாதையாகச் சொன்னார். வஜீஹ் இருபது பேரின் தோள்களையும் பார்த்தார். அங்கே தொங்கியவை துறையின் வரம்புக்கு வெளியே இருப்பவை. பிணையை ஏற்றுக்கொண்டார்.

இனிக் குற்றம் ஒன்றுதான் பாக்கி. லேசாகப் போதை தரும் காத் இலையை மென்றுகொண்டே தேடினார்கள். படிவத்தின் ஏழாவது கேள்விக்கு, அதாவது ஆயுதத்தை எதற்காக வைத்திருக்கிறீர் என்பதற்கு, முக்பில் "சும்மாதான்" என்று பதில் சொன்னது வஜீஹுக்கு நினைவு வந்தது. அரசாங்கக் கேள்விக்குச் சும்மா என்று சொல்வது ஒன்பது துப்பாக்கி பெறும் என்று சபை ஒப்புக்கொண்டது. தீர்ப்பு: ஒரு காளை.

தகிய்யா மாவுக் கையோடு வெளியே வந்தாள்.

"ஷேக், ஒரு சந்தேகம். பிணையா வைக்கிறது துப்பாக்கியாத்தான் இருக்கணுமா?"

"பின்ன என்ன, துடைப்பக்கட்டையா?"

"அப்ப இது செல்லாது. இதுல எது துப்பாக்கி? இந்த நீளமானதுல நான் அடுப்பு கிளறுறேன். இந்த மடங்குனதுல ஈரத்துணி காயப்போடுறேன். வேணும்னா எதையாவது எடுத்து என்னைச் சுடுங்க, நிக்கிறேன்."

அவள் பேச்சில் சட்டம் இருக்கிறது என்று ஷேக் ஒப்புக்கொண்டார். வஜீஹ் படிவத்தை அவசரமாகப் புரட்டினார். இவை துப்பாக்கி இல்லையென்றால் துறை இல்லை, துறை இல்லையென்றால் அவரும் இல்லை. இவை சுடுகலன்களே என்று அரசாணை இருப்பதாகச் சொல்லிப் பார்த்தார். அரசாணை மலையேறாது, உடையவனே சொல்லட்டும் என்றார் ஷேக்.

எல்லாரும் முக்பிலைப் பார்த்தார்கள்.

"ஹிஸாம் அப்பா, வெறும் இரும்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. காளை பிழைச்சுக்கும்" என்றாள் தகிய்யா.

முக்பில் திரித் துப்பாக்கியை எடுத்தான். அதிலிருந்த அடுப்புக்கரியைத் தோள்துண்டால் துடைத்தான்.

"துப்பாக்கிதான்" என்றான். "ஒன்பதும்." பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், "காளையை அறுங்க."

மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டார்கள். ஈரல் உஸ்தாத் வஜீஹுக்குப் போயிற்று. ஒன்பதும் ஆயுதங்களே என்பது காளை வாயிலாக நிரூபணம் என்று குறிப்பெழுதி முத்திரை குத்தினார்.

கை கழுவி எழுந்தவர்களைத் தகிய்யா வாசலில் மறித்தாள். காளை அவள் வளர்த்தது. அவளை யாரும் கேட்கவில்லை. பெண்ணுக்கு இழைத்த அநியாயத்துக்கு நாலு மடங்கு என்பது இந்த மலையின் வழக்கம். தின்றவர்கள் எல்லாரும் அவள் காலடியில் துப்பாக்கி வைக்கட்டும்.

பல் குத்திக்கொண்டிருந்த ஷேக்கால் மறுக்க முடியவில்லை. ஆண்கள் கலைந்து போய்ச் சாயங்காலம் வரிசையாக வந்தார்கள். பரணிலும் ஆட்டுக்கொட்டிலிலும் கிடந்ததையெல்லாம் கொண்டுவந்தார்கள். விசை இல்லாதது, கட்டை இல்லாதது, குழாய் மட்டும் இருப்பது என்று இருபது குவிந்தன. சுடுகிறவை அவரவர் தோளிலேயே இருந்தன.

"இது துப்பாக்கியா ஷேக்?" என்றாள் தகிய்யா.

"அது மத்தியானமே தீர்ந்துபோச்சே தங்கச்சி" என்றார் ஷேக். "சுடலைன்னாலும் துப்பாக்கிதான்."

நாலு மடங்குக் காளைகளைப் பற்றிப் பேச ஆள் யாரும் நிற்கவில்லை. பிணையை மீட்கவும் யாரும் வரவில்லை. வஜீஹ் மட்டும் நின்றார். இருபதையும் அளந்து, மாகாணத்தின் மிகப் பெரிய சேகரிப்பாளர் என்று தகிய்யாவின் பெயரைப் பதிவு செய்தார். பதிவானவற்றை விற்கவோ எறியவோ கூடாது என்று உத்தரவும் தந்தார். முக்பில் ஓர் ஆணிப் பெட்டியோடு சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கல்யாணத்தன்று ரொட்டியும் வெந்தயச் சாறும்தான் பரிமாறினார்கள். பெண் வீட்டார் தட்டைப் பார்த்தார்கள், பிறகு சுவரைப் பார்த்தார்கள். கறி இல்லாததை ஒருவரும் குறை சொல்லவில்லை. ஒருவர் பின் ஒருவராகத் துப்பாக்கிகளின் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். புறப்படும்போது பெண்ணின் அப்பா தகிய்யாவைத் தனியே கூப்பிட்டு, தன் வீட்டிலும் ஒரு காளை நிற்பதாகவும், அந்த அதிகாரி எந்தக் கிழமை வருவார் என்றும் தணிந்த குரலில் விசாரித்தார்.