மூன்று உலோகத்தில் ஓர் இடியப்ப அச்சு

"அச்சு வெடிச்சிட்டு மச்சான்."

றஸீனா அதைக் கொண்டுவந்து முனாபின் சாய்வுக் கதிரைக் கையில் வைத்தாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளை வட்டம். இடியப்ப உரலின் அடியில் கிடந்து மாவை நூல் நூலாக இறக்குகிற ஓட்டைத் தகடு. ஓரத்திலிருந்து நடுவரைக்கும் கோடாக வெடித்திருந்தது.

அந்தக் கதிரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டாரில் கொம்பனியைப் பூட்டி, முனாபைக் காத்தான்குடிக்கு அனுப்பி வைத்த நாளிலிருந்து அவன் அதில்தான் இருக்கிறான். தொழப் பள்ளிக்குப் போவான், வருவான், இருப்பான். வேலை கேட்டுப் போன இடங்களில் வயதைக் கேட்டார்கள். பிறகு கேட்டுப் போவதையே விட்டுவிட்டான். வீட்டை ஓட்டுவது றஸீனாவின் இடியப்பம். பொஞ்சாதி உழைக்க நான் இருந்து தின்னுறன் என்ற நினைப்பு அவனை அரித்தது. அரிக்க அரிக்க எழும்பி ஓட வேண்டியதுதானே? இல்லை, இன்னும் சாய்ந்து இருந்தான். மனிசனின் புத்தி அப்படி, என்ன செய்ய!

"கடையில ஒண்டு வாங்கன்" என்றான்.

"நம்மட உரல் பெரிய உரல். கடையில அந்தளவு இல்ல. செய்விக்கத்தான் வேணும். எந்த இரும்பு நல்லம், ஆரு செய்வாங்க, எனக்கென்ன தெரியும்? நீங்கதானே இரும்புக் கொம்பனியில இருந்த ஆள்."

முனாப் இருந்தது அந்தக் கொம்பனியின் ஸ்டோரில். தகடும் கம்பியும் எடுத்துக் கொடுத்திருக்கிறான், ஆணி ஒன்றும் செய்ததில்லை. ஊரில் இதைச் சொல்ல வேண்டிய அவசியம் இதுவரை வரவில்லை.

"அதுவரைக்கும் இடியப்பத்துக்கு?"

"பக்கத்து வீட்டு பஹீமா ராத்தாட உரல விடியக்க மதிலால வாங்கி, நீங்க எழும்ப முதல் திருப்பிக் குடுத்திருவன்."

இரவல் உரலில் வீடு நடப்பதா! முனாபுக்குச் சுருக்கென்றது. ஆனால் மதிலுக்கு மேலால் கைமாறுகிற சாமான் பெண்களின் ராச்சியம். மா போகும், அம்மிக் குழவி வரும். எந்த ஆம்பிளையும் அதில் மூக்கை நுழைத்ததில்லை. அவனும் நுழைக்கவில்லை. எழும்பி, கொடியில் கிடந்த சேட்டை எடுத்துப் போட்டான்.

முதலில் அலுமினியம். "பாரமில்ல, துருவும் பிடிக்காது" என்று தானே தீர்ப்புச் சொல்லிவிட்டு, சட்டி வார்க்கிற உசனாரிடம் கொடுத்தான். உசனார் வெடித்த அச்சை அப்படியே மண்ணில் அழுத்தி வார்த்தார். அச்சு அசல் மாதிரியே வந்தது, வெடிப்பும் சேர்ந்து.

"வெடிப்பையும் வார்த்திருக்கிங்களே காக்கா!"

"சாம்பிள் படி செய்யச் சொன்னது நீதானே?"

கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து உரலுக்குள் போட்டான். அது கீழே நிற்காமல் வழுக்கி நிலத்தில் விழுந்து உருண்டது.

"சின்னனாப் போச்சு" என்றாள் றஸீனா.

"வார்த்தா சுருங்கும்" என்றான் முனாப். "பித்தளைதான் சரி. லேத்துலதான் கடையணும்."

அடுத்த நாள் சவரம் செய்துகொண்டு சைக்கிளில் கிளம்பினான். கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பார்த்தான். தோணிக்காரர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு வந்து இத்தனை நாளில் இதைக்கூடப் பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டே மறுபடி சைக்கிளை மிதித்தான்.

புளியந்தீவில் கனகசிங்கத்தின் லேத் பட்டறை. நெல் வெட்டுற மெசினுக்கும் இறால் பண்ணைப் பம்புக்கும் சாமான் கடைகிற மனிதர்.

"சாம்பிள விடக் கொஞ்சம் பெரிசா வையுங்க அண்ணே" என்றான் முனாப்.

"கொஞ்சமெண்டா எவ்வளவு காக்கா?"

முனாப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் கொஞ்சமாக விரித்துக் காட்டினான். கனகசிங்கமும் தலையை ஆட்டினார். இரண்டு பேரும் அளவுகோலைத் தேடவில்லை.

பித்தளை அச்சு பொன் மாதிரி மினுங்கியது. உரலுக்குள் போகத்தான் இல்லை. முனாப் சுத்தியலை எடுத்தான். நாலு அடியில் பாதி போனது. ஐந்தாவது அடியில் சரிந்து இறுகியது. பிறகு அது முன்னுக்கும் வரவில்லை, பின்னுக்கும் போகவில்லை.

றஸீனா குசினியில் அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தாள். "அல்லாஹ்வே! உரலையுமா!"

"என்னத்துக்குக் கத்துறா? பஹீமா ராத்தாட உரல் கிடக்குதானே?"

"ஓம், கிடக்குதான்" என்று சொல்லிவிட்டு இறுகிய உரலைப் பார்த்தபடி அப்படியே இருந்துவிட்டாள்.

மறுநாள் இடியப்பம் எடுக்க வந்தவர்களுக்கு றொட்டி கிடைத்தது.

"ராத்தாட வீட்டுக்கு ஆக்கள் வந்திருக்காங்க. உரல் தர ஏலாதாம்" என்றாள் றஸீனா, முகத்தைப் பாராமல்.

பார்த்தாயா, இரவலின் சீரை! முனாபுக்குப் பொறுக்கவில்லை. உரலையே சாக்கில் கட்டிச் சைக்கிளில் ஏற்றினான். இந்தமுறை பாலத்தில் நிற்கவில்லை.

கனகசிங்கம் இறுகிய அச்சைக் கழற்றினார். உரலின் வாயை அளந்தார். வெடித்த பழைய அச்சையும் அளந்தார். மறுபடி உரலை அளந்தார்.

"காக்கா, இது இந்த உரல்ட அச்சே இல்ல."

"என்ன கதைக்கிறீங்க அண்ணே? என்ட பொஞ்சாதி அவட கையால தந்த சாமான். உங்கட அளவு பிழை."

"என்ட அளவா பிழை?"

"போன முறையும் பிழைதானே?"

"விரலால காட்டினது ஆரு?"

சண்டை கொஞ்ச நேரம் நல்ல சூடாக நடந்தது. அது முடிய இரண்டு பேரும் பால் விடாத பிளேன்டி குடித்தார்கள். "பழசு தேஞ்சிருக்கும், விடுங்க" என்று கனகசிங்கமே இறங்கி வந்தார். பழையதை மூலையில் போட்டுவிட்டு உரலின் வாயைப் பார்த்தே கடைவது என்று முடிவானது. உலோகம் ஸ்டெயின்லெஸ் என்றான் முனாப். இடியப்ப மாவின் உப்புக்கும் சூட்டுக்கும் எந்த நம்பர் தகடு நிற்கும் என்பதை அவன் ஸ்டோரில் பார்த்துப் பார்த்தே படித்திருந்தான். அதை அவன் சொல்ல, கனகசிங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

ஓட்டை போடப் போட துளை ஊசி உடைந்தது. முனாப் தகட்டைப் பிடித்துக்கொண்டான், எண்ணெய் விட்டான், மெதுவா மெதுவா என்று அதட்டினான். சோத்துப் பார்சலைப் பிரித்து இரண்டு பேரும் பகிர்ந்து சாப்பிட்டார்கள். பொழுது சாயும்போது அச்சு உரலுக்குள் 'டொக்' என்று இருந்தது. சிரிப்பு வந்தது முனாபுக்கு. சத்தமாகவே சிரித்தான்.

"நாளைக்கும் வாறீங்களா?" என்றார் கனகசிங்கம். "வவுணதீவால ரெண்டு வெட்டு மெசின் வருகுது. எதுக்கு எந்தத் தகடு எண்டு பார்த்துச் சொல்ல எனக்கொரு ஆள் வேணும். சும்மா இல்ல, சம்பளத்துக்குத்தான்."

"வாறன்" என்றான் முனாப்.

அடுத்த நாள் விடிய றஸீனா மாவைக் குழைத்து உரலில் வைத்து அழுத்தினாள். நூல் நூலாக, ஒன்றுகூட அறாமல் இறங்கியது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆவி பட்டிருக்கும் என்று முனாப் நினைத்தான்.

நன்றி மறக்கலாமா? முதல் ஈட்டு இடியப்பத்தைத் தட்டில் அடுக்கி, சொதியும் சம்பலும் வைத்து, றஸீனா குளிக்கப் போன நேரம் பார்த்து, வேலைக்குப் போகிற வழியில் பக்கத்து வீட்டுக் கேற்றைத் தட்டினான். பஹீமா கதவுத் திரைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"இத்தன நாளும் உங்கட உரல இரவல் தந்து எங்கட வீட்டக் காப்பாத்தினீங்க ராத்தா. மறக்கமாட்டன். இனி அது தேவையில்ல."

திரை கொஞ்சம் விலகியது.

"என்ட உரலா? அது அச்சு வெடிச்சு, போன வருசமே மூலைக்குப் போயிட்டே தம்பி! உங்கட உரல் அச்சு நல்லாத்தானே கிடந்தது, விடியக்க அதுலதானே அவள் புழிஞ்சவள். என்ட அந்த வெடிச்ச அச்சைத்தான் றஸீனா வந்து கேட்டு வாங்கிட்டுப் போனாள். என்னத்துக்குடி எண்டு கேட்டதுக்கு, வீட்டுல ஒரு கதிரையக் காலியாக்கணும் எண்டாள்."