குதிரையில்லாக் காட்டின் குதிரைமொழிப் பள்ளி

ஒரு காட்டில், குதிரையே இல்லாத ஒரு காட்டில், குதிரைமொழிப் பள்ளிக்கூடம் ஒன்று நடந்துவந்தது. கணக்கு, அறிவியல், நீச்சல் எல்லாவற்றையும் கனைத்துத்தான் சொல்லித்தர வேண்டும். வேலிக்குள் யாராவது காட்டுமொழியில் ஒரு வார்த்தை பேசினால் முட்டி போட வேண்டும். பாம்புப் பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு.

அங்கே கணக்கு வாத்தியார் பரஞ்சோதி என்ற கழுதை. உருவத்தில் குதிரைக்குக் கிட்டத்தட்ட வருகிறாரே என்று வேலை கொடுத்திருந்தார்கள். அவருக்குத் தெரிந்த குதிரைமொழி மொத்தம் பதினெட்டு வார்த்தை. அதில் நாலு, வணக்கம். 'வேறு ஆள் கிடைக்காமல் என்னைக் கூப்பிட்டார்கள், வேறு வேலை கிடைக்காமல் நானும் வந்தேன்' என்று தனக்குள் சிரித்துக்கொள்வார்.

அரையாண்டுத் தேர்வில் ஏழு பிள்ளைகள் கணக்கில் முட்டை வாங்கின. தலைமையாசிரியை கொக்கு மேடம் அவரைக் கூப்பிட்டார்.

"ஒரு மாசம் டைம் தர்றேன் சார். ஸ்பெஷல் கிளாஸ் வைங்க. தேறலைன்னா ஏழு பேரையும் ஒண்ணாம் வகுப்புக்கே திருப்பி அனுப்பிடுவேன். தினமும் இந்தப் படிவத்தை மூணு பிரதி நிரப்பிக் கொடுங்க. குதிரைமொழியில."

முதல் நாள் பரஞ்சோதி வகுத்தலைக் கனைத்தார். ஒருமுறை கனைத்தார், மெதுவாகக் கனைத்தார், சத்தமாகவும் கனைத்தார். முன்வரிசையில் இருந்த மரிக்கொழுந்து என்ற முள்ளம்பன்றிப் பெண் அழுதுவிட்டாள். அழுதால் அவளுக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொள்ளும். பக்கத்தில் போய்த் தட்டிக்கொடுக்க வழியில்லை. வாயைத் திறந்து பேசினால்தான் உண்டு. அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஏன் கண்ணு அழுவுற?" என்றார், காட்டுமொழியில்.

"ஒண்ணும் புரியல சார். எனக்கு மண்டையில ஒண்ணுமே இல்லைன்னு அம்மா சொல்றாங்க."

"அதெல்லாம் இருக்கு. இருபத்தோரு கிழங்கை மூணு பேர் பங்கு போட்டா ஆளுக்கு எத்தனை?"

"ஏழு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதுதான் வகுத்தலா சார்? இதுக்கா இத்தனை நாளா அப்படிக் கத்துனீங்க?"

பரஞ்சோதிக்குக் காது இரண்டும் தொங்கிப்போயின. கத்தினோம் என்பது அவருக்கும் தெரியும். கனைத்தோம் என்று நம்பித்தான் இத்தனை வருடம் ஓட்டியிருந்தார்.

ஒரு மாதம் கதவைச் சாத்திக்கொண்டே பாடம் நடந்தது. படிவங்களில் அந்தப் பதினெட்டு வார்த்தைகளை முன்னும் பின்னுமாக மாற்றி எழுதினார். யாரும் படிக்கவில்லை. தேர்வில் ஏழு பேரும் தேறினார்கள். மரிக்கொழுந்து தொண்ணூற்றிரண்டு வாங்கினாள். அவள் அம்மா பள்ளிக்கே வந்து, விடைத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பேர் மாறிவிடவில்லையே என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இந்த அதிசயத்தை நேரில் பார்க்க வெளியூரிலிருந்து ஆய்வாளர் வந்தார். அசல் குதிரை. மைதானத்தில் நின்று, மளமளவென்று ஏதோ கனைத்துக் கேட்டார். ஒருவருக்கும் புரியவில்லை. கொக்கு மேடம் ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். பார்க்க ஆழ்ந்த யோசனை மாதிரி இருந்தது. பரஞ்சோதியோ, 'இவர்களைத் தேற்றியது யார் என்று கேட்கிறார், வேறென்ன கேட்பார்' என்று முன்னங்காலைத் தூக்கினார். பெருமையில் கொஞ்சம் உயரமாகவே தூக்கினார்.

குதிரை அருகில் வந்து, நல்ல காட்டுமொழியில் சொன்னார்: "இங்க குதிரைமொழி தெரியாதவங்க யாருன்னு கேட்டேன். ஒருத்தராவது ஒத்துக்கிட்டீங்களே, சந்தோஷம்."

அடுத்த வாரமே உத்தரவு வந்தது. தேறும்வரை பரஞ்சோதி ஸ்பெஷல் கிளாஸில் உட்கார வேண்டும். பாடம் நடத்துபவர் கொக்கு மேடம். குதிரைமொழியில் மட்டும்.

பரஞ்சோதி பிள்ளைகளின் பெஞ்சில் நாலு காலையும் மடக்கி உட்கார்ந்தார். மேடம் ஏதோ கனைத்தார். பரஞ்சோதி பழக்கதோஷத்தில் பலமாகத் தலையாட்டினார்.

ஜன்னலுக்கு வெளியிலிருந்து மரிக்கொழுந்து பதறிப்போய்க் கிசுகிசுத்தாள்: "சார், தலையாட்டாதீங்க! ஆட்டினா புரிஞ்சிருச்சுன்னு அடுத்த பாடத்துக்குப் போயிடுவாங்க."

நீதி: புரியும்படி பாடம் நடத்தாதீர்கள். பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டால், வேறு யாருக்குப் புரியவில்லை என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள்.