அரளி போட்ட எருவில் காய்த்த தக்காளி

பத்திரிகையின் தோட்டப் பகுதி ஆசிரியர் மதிப்பிற்குரிய திருமதி ஹாலோரன் அவர்களுக்கு,

தெற்கு ஆஸ்திரேலியா, ரென்மார்க்கிலிருந்து மெர்வின் டிரெலோர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் ரோஜாச் செடிகளும் நலமென்று நம்புகிறேன். இங்கே நானும் மனைவி நோரீனும் நலம். அவளுக்கும் அவள் தம்பி கிளைவுக்கும்தான் பேச்சுவார்த்தை இல்லை. நீங்கள் மனது வைத்தால் ஒரு வரியில் அதைச் சரிசெய்துவிடலாம்.

போன மே மாதம் நாங்கள் அடிலெய்டு போயிருந்தபோது கிளைவ்தான் வீட்டைப் பார்த்துக்கொண்டான். மனைவி இறந்தபின் தனியாக இருக்கிறவன், சும்மா உட்காரத் தெரியாதவன், வேலியோரத்து அரளியை மொட்டையடித்துவிட்டான். அது தோட்டக் குப்பைக்கான பச்சை மூடித் தொட்டியை நகராட்சி வண்டி எடுக்கிற வாரமில்லை, தொட்டியும் நிரம்பி வழிந்தது, அதனால் வெட்டியதையெல்லாம் பொடியாக நறுக்கி எங்கள் எருக்குவியலில் புல்லோடு கலந்து, தண்ணீரும் தெளித்து, நாங்கள் வந்து இறங்கியதும் பெருமையாகக் காட்டவும் செய்தான். நோரீன் கையிலிருந்த பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"டேய், அது மாட்டையே சாய்க்கிற விஷம்டா. அத எங்க காய்கறிக்கா போடுவ?"

"மக்கிப்போனா எல்லாம் மண்ணுதானேக்கா?"

"அப்ப அது மக்குற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்காத."

அவனும் ரோஷக்காரன், மிதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆட்டுக்கறி வறுவலை நாங்கள் இரண்டு பேரே சாப்பிடுகிறோம், அவன் நாற்காலியில் பூனை படுத்திருக்கிறது. எனக்குப் பேச்சுத்துணை போய்விட்டது.

குவியலைக் கிளறுகிற வேலை என் தலையில் விழுந்தது. கையுறை மாட்டிக்கொண்டு பயந்து பயந்துதான் போனேன். ஜூலைக் குளிரில் உள்ளேயிருந்து ஆவி பறந்தது. ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவன் நான், இஞ்சின் சூடு எனக்குத் தெரியும்; டீசலும் இல்லாமல் சாவியும் இல்லாமல் ஒரு குப்பைமேடு தானாகக் கொதிப்பதை அன்றுதான் கண்டேன். வசந்தத்தில் ஓர் அரளி இலையாவது கிடைக்குமா என்று தேடினேன், இல்லை. கறுகறுவென்று மண், மழை வாசனை, கொழுத்த புழுக்கள். மாட்டைச் சாய்க்கிற செடியைக் கண்ணுக்கே தெரியாத ஜந்துக்கள் தின்று தீர்த்துவிட்டன. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது அம்மா. தேவாலயத்தில்கூட நான் அவ்வளவு சீக்கிரம் தொப்பியைக் கழற்றியதில்லை.

அதிலிருந்து யாரும் விதைக்காமலே தக்காளி முளைத்து, இப்போது கொத்துக்கொத்தாகச் சிவந்து நிற்கிறது. நோரீன் என்னைக் கிட்டே விடமாட்டேன் என்கிறாள். கிளிகள் தின்றன, மறுநாள் குடும்பத்தோடு திரும்பி வந்தன, அதைச் சொன்னேன். "கிளி என்ன டாக்டருக்குப் படிச்சிருக்கா?" என்றாள். நூலகத்துப் புத்தகத்தைக் காட்டினேன். "ஹாலோரன் அம்மா பேப்பர்ல எழுதட்டும், நம்பறேன்" என்று முடித்துவிட்டாள்.

ஆகவே தாங்கள் தயவுசெய்து, அரளி நன்றாகச் சூடேறி முழுதும் மக்கிவிட்டால் நஞ்சு சிதைந்துவிடும், மக்காத குச்சியை மட்டும் திரும்பக் குவியலிலேயே போடவேண்டும், எரிக்கத்தான் கூடாது, புகை பொல்லாதது என்று கிறிஸ்துமஸுக்கு முன்னால் அச்சில் போட்டுவிடுங்கள். பண்டிகையன்றும் அவன் தனியாக டப்பா மீன் தின்பதை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

தங்கள் பாத்திகளில் நத்தை ஏறாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
மெர்வின் டிரெலோர்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் நோரீன் இதைப் படித்துவிட்டாள். பதில் வரும்வரை யாராவது தின்று பார்க்கவேண்டும், போட்டவனே தின்னட்டும் என்று கிளைவுக்குப் போன் செய்தாள். நேற்று, ஞாயிறு, வந்தான். உப்புத் தொட்டு இரண்டு தக்காளி தின்றான். விழுந்துவிடுவானோ என்று சாயங்காலம்வரை எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் கறி வறுவல் வைத்தாள், டீ போட்டாள், சட்டைப் பொத்தான் ஒன்று தைத்துக் கொடுத்தாள்.

கிளம்பும்போது சொன்னாள்: "ஒரு நாள் தின்னா ஒண்ணும் தெரியாது. அடுத்த ஞாயிறும் வா."

"எத்தன ஞாயிறுக்கா?"

"பேப்பர்ல வர்ற வரைக்கும்."

அதனால் அம்மா, கையெடுத்துக் கும்பிடுகிறேன், எதையும் அச்சில் போட்டுவிடாதீர்கள்.